விரலும் திருகும்

பிறர் பாடல்களை இசைக்கும் குழுவொன்றில் பேஸ் கிற்றார் வாசிப்பவன் என் மருமகன். மூலப்பாடலின் ஒலி வரவில்லையெனத் திருகுகளைத் திருப்பிச் சலித்தான்.

“கருவிதான் பிழை, மாமா” என்றான். புதியது வாங்கத் தாயின் காப்பை அடைவு வைக்கவும் துணிந்தான்.

மூலத்தை இருவரும் செவிகொடுத்துக் கேட்டோம். 1960களில், டெற்றோயிற் நகரின் மோற்றவுண் நிலையத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அது. அன்னார் பூட்டியவை தட்டைச் சுற்றுடைய தடித்த தந்திகள். அவற்றை மாற்றுவதோ அரிது. தந்திதாங்கியின் மூடியடியில் நுரைப்பஞ்சு. மீட்டியது ஒற்றைச் சுட்டுவிரல். ஆதலின் நாதம் நீளாது திரண்டொலித்தது.

மருமகனும் பஞ்சு செருகி, உயரொலியைத் தணித்து, ஒருவிரலால் மீட்டினான். பாடல் நிமிர்ந்தது.

மூலத்தைச் செவ்வனே ஓதாதான் உரையெழுதப் புகலாகாது. இசைக்கும் அஃதே விதி. ஒலி பிறப்பது விரலிலும் தந்தியிலும்; திருகு செய்வது இறுதித் திருத்தமே.

காப்பும் தமக்கையின் கையிலேயே தங்கிற்று.