கேஸ் தீர்ந்துபோன கதை

என் மைத்துனர் வீட்டில் ஆள் உயரத்துக்கு நிற்கும் இரட்டைக் கதவுக் குளிர்பெட்டி ஒன்று, வாங்கிய நான்காவது வருஷத்துக் கோடையில், விசித்திரமான ஒரு வியாதிக்கு ஆளாயிற்று: ஃப்ரீஸர் பக்கத்தில் ஐஸ்கிரீம் கல்லாய் இறுகிக் கிடக்க, அடுத்த பக்கத்தில் காலையில் வைத்த பால் மாலைக்குள் திரிந்துபோயிற்று. பார்க்க வந்த மெக்கானிக் பின்புறத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கேஸ் தீந்துபோச்சு சார், கேஸ் அடிச்சிடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கேஸ் தீரும் என்ற இந்த எண்ணம் மண்பானையிலிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பானையின் நுண்துவாரங்களில் கசியும் நீர், தான் ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை உள்ளிருக்கும் நீரிடமிருந்து எடுத்துக்கொண்டு போவதால் பானை குளிர்கிறது. போன நீர் போனதுதான், ஆகவே தினந்தோறும் நிரப்புகிறோம். குளிர்பெட்டியும் இதே தத்துவத்தில் இயங்குவதேயாயினும், அது பானையைப் போல ஊதாரியன்று. உள்ளே மறைந்திருக்கும் குழாய்ச் சுருளில் திரவம் ஆவியாகி உஷ்ணத்தை வாங்கிக்கொள்ள, அந்த ஆவியைக் கம்ப்ரஸர் உறிஞ்சி அழுத்தி வெளிச்சுருளுக்குத் தள்ள, அங்கே அது வாங்கிவந்த உஷ்ணத்தைச் சமையலறைக் காற்றில் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகி, மெல்லிய குழாயொன்றின் வழியே உள்ளே திரும்புகிறது. சுற்று முழுவதும் அடைத்து மூடியது. 1927-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி வெளியிட்ட, தலைமேல் கம்ப்ரஸரைச் சுமந்து நிற்கும் 'மானிட்டர் டாப்' பெட்டிகளில் சில, பழம்பொருள் பிரியர்களின் வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாயு தீராது, ஒழுகத்தான் முடியும்.

அப்படியானால் பால் ஏன் திரிந்தது? 'பனி கட்டாத பெட்டி' என்று விற்கப்படும் இவ்வகைப் பெட்டிகளில் பனி கட்டாமல் இல்லை. நம் கண்ணில் படாத இடத்தில் கட்டி, வேளாவேளைக்குக் கரைக்கப்படுகிறது, அவ்வளவே. ஃப்ரீஸரின் பின்தகட்டுக்கு அப்பால் குளிர்ச்சுருளும், அதன் மேல் ஒரு சிறு விசிறியும், கீழே பனியைக் கரைக்கும் ஹீட்டரும், சுருளின் உஷ்ணநிலையை அறிவிக்கும் சென்சாரும் இருக்கின்றன. சுருள் ஒன்றே உள்ள பெட்டிகளில், விசிறி ஊதும் காற்றின் பெரும் பங்கு ஃப்ரீஸருக்கும், ஒரு சிறு பங்கு மட்டும் அடுத்த அறைக்கும் போகிறது. ஹீட்டரோ சென்சாரோ பழுதானால் பனி நாளுக்கு நாள் தடித்துக் காற்றின் வழியை அடைத்துவிட, சுருளை ஒட்டிய ஃப்ரீஸர் எப்படியோ சமாளித்துக்கொள்ள, தூரத்து அறை முதலில் பட்டினி கிடக்கிறது. இதற்கு ஒரு பரீட்சை உண்டு. பெட்டியை அணைத்துக் கதவுகளைத் திறந்து ஒரு முழுநாள் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டாவதாக வந்த வயதான மெக்கானிக், மைத்துனர் செய்து பார்த்த இந்தப் பரீட்சையின் முடிவைக் கேட்டதும், வேறொன்றும் பேசாமல் பின்தகட்டின் திருகுகளைக் கழற்றினார். துருவிய தேங்காயை அள்ளி அப்பியதுபோல் சுருள் முழுவதும் வெண்பனி. அலுமினியத் தகடுகள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. "கத்தியால் சுரண்டிவிடட்டுமா?" என்று மைத்துனர் கேட்டதும் மனிதர் பதறிப்போய், "ஐயையோ, குத்தினா அப்புறம் நிஜமாவே கேஸ் போயிடும்" என்று சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியால் பொறுமையாகப் பனியைக் கரைத்தார். மீட்டரை வைத்துப் பார்த்ததில் ஹீட்டர் நன்றாயிருந்தது. கெட்டிருந்தது சுண்டுவிரல் நுனியளவே உள்ள சென்சார்.

குளிர்பெட்டியின் மற்ற வியாதிகளுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், கரைந்த பனி கம்ப்ரஸரின் மேலுள்ள தட்டுக்கு இறங்கும் வடிகுழாய் அடைத்திருக்கிறதென்று கொள்ளலாம். கதவு விளிம்பின் ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுக்கும்போது அது தடையின்றி வந்துவிட்டால், அவ்விடத்தில் ஈரக்காற்று புகுகிறது. பல சமயம் ரப்பரைச் சோப்புநீரில் துடைப்பதே போதுமானது. சுவரோடு பதிக்கும் மிக உயர்ந்த விலைப் பெட்டிகள் (1945-இல் மாடிசன் நகரில் தொடங்கிய சப்-ஜீரோ கம்பெனி இவற்றுக்குப் பேர்போனது) பலவற்றில் வெளிச்சுருள் தலைமேல் ஒரு கம்பித் தட்டிக்குப் பின்னே இருப்பதால், அங்கே தூசி படிவதை எஜமானர்கள் நிமிர்ந்து பார்ப்பதேயில்லை. பக்கச் சுவர் சுடுகிறது, கம்ப்ரஸர் நிற்காமல் முனகுகிறது என்னும் புகார்களோ பெரும்பாலும் புகார்களே அல்ல: இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் வெளிச்சுருள் பக்கச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கிறது, இன்வர்ட்டர் கம்ப்ரஸர் மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது.

மெய்யாகவே வாயு ஒழுகியிருந்தால் வைத்தியம் பெரிது. துவாரத்தைக் கண்டுபிடித்து அடைத்து, ஈரம் உறிஞ்சும் ஃபில்டரைப் புதிதாக்கி, குழாய்களை வேக்குவம் பம்பால் வெறுமையாக்கி, வாயுவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். பல பெட்டிகளில் இப்போது இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அடுப்படிச் சிலிண்டரில் உள்ள பியூட்டேனின் உடன்பிறப்பாகையால், அது குழாயில் மிச்சமிருக்கையில் பற்றவைக்கும் சுடரை அருகே கொண்டுபோவது ஆபத்து. துவாரத்தைத் தேடாமல் நேரே கேஸ் அடித்துவிட்டுப் போகிறவரின் டெலிபோன் நம்பரை அழித்துவிட வேண்டாம். புதிய வாயுவும் அதே துவாரத்தின் வழியாகத்தான் வெளியேறப் போகிறது.