ஒற்றைக் காலும் ஒரு பத்திரிகைக் கட்டுரையும்

அத்தியாயம் 11

டெரி ஃபாக்ஸ் என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும். ஆள் அரவமற்ற கனடா நெடுஞ்சாலை, சுருட்டை முடி, அரைக்கால் சட்டை, வலது காலின் இடத்தில் உலோகக் கால், தன்னந்தனியே ஓடும் ஓர் இளைஞர். அந்தப் படத்தில் இல்லாதவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். பதின்வயதில் புற்றுநோய் வந்த பிள்ளைக்குத் தைரியம் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டு வாசகர்கள் பலரும் எழுதுகிறீர்கள். அதற்கான பதில் அவர்களிடம் இருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கோக்விட்லம் ஊரில் வளர்ந்த டெரிக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ஆனால் ஆள் குள்ளம். எட்டாம் வகுப்பில் அணியின் 19 பேரில் அவர்தான் கடைசி. அந்த சீசன் முழுக்க ஆடக் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம். விடாமல் பயிற்சி எடுத்துப் பல்கலைக்கழக இளையோர் அணி வரை வந்துவிட்டார். 1976 நவம்பரில் ஒரு கார் விபத்தில் வலது முழங்காலில் அடிபட்டது. பின்னர் அங்கே வலித்தபோது பழைய அடிதான் என்று நினைத்து, சீசன் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். 1977 மார்ச்சில் மருத்துவமனைக்குப் போனபோதுதான் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 18.

பெற்றோருக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆஸ்டியோசார்கோமா என்ற இந்த வகைப் புற்றுநோய், பிள்ளைகள் மளமளவென்று வளரும் வயதில்தான் அதிகம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் முழங்காலை ஒட்டி. விளையாட்டில் பட்ட அடி என்று விட்டுவிடுவது சுலபம். வாரக்கணக்கில் வலி விடவில்லை, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். இன்று பலருக்குக் காலை எடுக்காமலேயே, நோயுள்ள எலும்பை மட்டும் நீக்கி உலோக எலும்பு வைக்கிறார்கள். டெரிக்கு முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு அவருடைய பழைய கூடைப்பந்துப் பயிற்சியாளர் பார்க்க வந்தார். கையில் ஓட்டக்காரர்களுக்கான ஒரு பத்திரிகை. அதில் டிக் ட்ராம் என்பவரைப் பற்றிய கட்டுரை இருந்தது. செயற்கைக் காலுடன் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த முதல் மனிதர் அவர். ஆறுதல் வார்த்தை தேடித் தவிக்காமல், கால் போன பிறகும் ஓடிய ஒருவரைக் கொண்டுவந்து காட்டினார் அந்தப் பயிற்சியாளர். நாளைக்குக் கால் இருக்காது என்று தெரிந்து படுத்திருக்கும் பையனுக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். நாட்டையே ஓடிக் கடக்கும் கனவு அந்தப் பக்கங்களில்தான் தொடங்கியது.

அதன்பின் 16 மாதங்கள் கீமோ. முடி கொட்டியது, விக் வைத்துக்கொண்டார். சிகிச்சை இன்னும் முடியாத நிலையில், 1977 கோடையில் ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் ரிக் ஹேன்சன். 15 வயதில் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். 'சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆட வருகிறாயா?' என்பதுதான் விஷயம். அங்கே யாருக்கும் யாரைப் பார்த்தும் 'ஐயோ பாவம்' சொல்லத் தோன்றாது. எல்லோரும் நாற்காலியில் இருக்கிறார்கள், பந்து ஒன்றுதான் இருக்கிறது. இரண்டே மாதத்துக்குள் தேசியப் போட்டிக்கான அணியில் டெரிக்கு இடம் கிடைத்தது. பிறகு அந்த அணியோடு மூன்று முறை தேசிய பட்டம் வென்றார்.

கவனியுங்கள், டிக் ட்ராம் கால் இழந்தது கார் விபத்தில். ஹேன்சனுக்கும் புற்றுநோய் இல்லை. ஆகவே அதே நோய் வந்தவர்தான் துணை நிற்க வேண்டும் என்பதில்லை. அதே மாதிரி ஓர் இழப்பைத் தாண்டி, கொஞ்சம் முன்னால் போய் நிற்பவர் போதும். அம்மா முன்னால் பிள்ளை அழ முடியாது. அவன் அழுதால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். டாக்டரிடம் மொட்டைத் தலையோடு கல்லூரிக்குப் போகும் கூச்சத்தைப் பேச முடியாது. இதையெல்லாம் பேச வேறொருவர் வேண்டும்.

செயற்கைக் காலோடு ஓடப் பழகிய டெரி, 1979ல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் 17 மைல் ஓட்டத்தில் கடைசி ஆளாக வந்தார். முன்னால் வந்தவருக்கும் அவருக்கும் பத்து நிமிட இடைவெளி. கோட்டருகே நின்றவர்கள் கண்ணீரோடு கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, கிழக்குக் கடற்கரையில் ஓட்டத்தைத் தொடங்கினார். இடது காலில் இரண்டு குதி, உலோகக் காலில் ஓர் அடி, மறுபடி இரண்டு குதி. இப்படியே நாளுக்குச் சுமார் 42 கிலோமீட்டர். பக்கத்தில் வேன் ஓட்டி வந்தது பள்ளி நண்பர் டக் ஆல்வர்ட்.

ஒன்டாரியோவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அவரோடு சேர்ந்துகொண்டான். அவனுக்கும் எலும்புப் புற்றுநோய், அவனுக்கும் ஒரு கால் இல்லை. டெரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்து வந்தான். இருவரும் ஏரியில் நீந்தினார்கள். டிக் ட்ராம் தனக்கு என்னவாக இருந்தாரோ, அதுவாக டெரி அந்தப் பையனுக்கு ஆகியிருந்தார். அந்த நாள் அவரை மிகவும் நெகிழவைத்தது. செப்டம்பர் 1ஆம் தேதி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, தண்டர் பே அருகே ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28ஆம் தேதி காலமானார். அதற்குள் கனடியர் ஒருவருக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்ட நிதி சேர்ந்துவிட்டது.

பயிற்சியாளர் கொண்டுவந்த பத்திரிகையும் ஹேன்சனின் அழைப்பும் டெரிக்குத் தற்செயலாக வாய்த்தவை. அந்த மாதிரித் துணையைத் தற்செயலுக்கு விடாமல் ஏற்பாடாகவே செய்யும் முயற்சிகள் பிறகு வந்தன. 1985ல் ஆஸ்திரேலியாவில் புற்றுநோய் வந்த இளைஞர்களே சேர்ந்து 'கேன்டீன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1990ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பதின்வயதினருக்கென்றே தனி வார்டு வந்தது. இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ் இயங்கும் 'உகம்' குழுவில், சிறு வயதில் நோயைக் கடந்தவர்கள் இன்று சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறார்கள். இப்படிப்பட்ட துணை எல்லா ஊருக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை சிகிச்சையில் இருந்தால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடமோ மருத்துவமனை சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள்: 'இதே வயதில் வந்து, சிகிச்சை முடிந்து போனவர் யாராவது உண்டா? என் பிள்ளையோடு பேசுவார்களா?' அவர்கள் வந்தால் நீங்கள் ஒரு மணி நேரம் வெளியே போய் உட்காருங்கள். சிகிச்சை முடிந்து கல்லூரிக்கோ வேலைக்கோ போய்க்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் தொலைபேசி எண்ணை நீங்கள் சிகிச்சை பெற்ற வார்டில் கொடுத்து வையுங்கள்.

(தொடரும்)