எட்டுக் கால் அப்பா!

பார்வைக்கு அவர் ஒரு கண்ணியமான குடும்பஸ்தர். கச்சிதமான கோட்டு, கழுத்தில் டை. மனைவி ஸ்கார்லெட்டிடம் உயிரையே வைத்திருப்பவர். டாமி என்ற பையனுக்கும் ஸ்டேஸி என்ற பெண்ணுக்கும் அருமைத் தகப்பனார். மனைவிக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பார், பெண்ணுக்குப் பால் ஊற்றிக் கொடுப்பார், தோட்டத்தில் களை பிடுங்குவார். எந்த வேலைக்கும் முகம் சுளிப்பதில்லை.

"இப்படி ஒரு கணவர் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே!" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. அவர் மனிதர் அல்ல, ஆக்டோபஸ்!

ஆம், நம் கடற்கரை மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்கிறார்களே, அந்த எட்டுக் கால் பிராணியேதான். இந்த விஷயம் மனைவிக்குத் தெரியாது, குழந்தைகளுக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய ஓயாத கவலை. இந்த விசித்திரக் குடும்பத்தை வைத்து அமெரிக்காவில் செய்த வீடியோ கேம் ஒன்று 2014ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி வெளிவந்தது. பெயர் 'ஆக்டோடாட்: டாட்லியஸ்ட் காட்ச்'. இங்கிலீஷில் 'டாட்' என்றால் அப்பா. அலாஸ்காக் கடலில் நண்டு பிடிப்பவர்களைப் பற்றிய ஒரு பிரபல டெலிவிஷன் தொடரின் பெயரில் அப்பாவை நுழைத்துச் செய்த சிலேடை அது.

இந்த விளையாட்டைப் பற்றி விமர்சகர்களுக்குள் எழுந்த விவாதம் மிகவும் சுவாரஸ்யமானது. வேண்டுமென்றே செய்த குறை குறையா, நிறையா? அதுதான் கேள்வி.

நடப்பதே ஒரு வித்தை

சாதாரணமாக இத்தகைய விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கதாநாயகன் நடப்பான். இன்னொன்றை அழுத்தினால் தாவுவான். ஆக்டோடாடில் அந்தக் கதையே வேறு. கம்ப்யூட்டர் மௌஸின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் இடது கால் மேலே எழும்பும். மௌஸை நகர்த்தி அந்தக் காலை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், பொத்தானை விட்டால் கால் கீழே இறங்கும். வலது காலுக்கு வலது பொத்தான். இப்படி ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துத்தான் சமையலறை வரை போகவேண்டும்! இரண்டு பொத்தானையும் விட்டால் அதே மௌஸ் கையை ஆட்டிவைக்கும்.

விளைவைக் கேட்பானேன்? காப்பிக் கோப்பையை எடுக்கப் போன கை மேஜையிலுள்ள சாமான்களையெல்லாம் வாரிக் கொட்டும். ஒரு கால் நாற்காலியில் மாட்டிக்கொள்ள, நாற்காலியும் கூடவே ஊர்வலம் வரும். உண்மையான ஆக்டோபஸுக்கு உடம்பில் ஓர் எலும்புகூடக் கிடையாது. அதன் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. தண்ணீரில் அது லாவகத்தின் அவதாரம். அதையே கோட்டுக்குள் திணித்துத் தரையில் நடக்கச் சொன்னால் என்ன ஆகும்? அந்தத் தத்தளிப்புத்தான் விளையாட்டு.

அவர் தடுமாறுவதை யாராவது பார்த்துவிட்டால் அவர்களுடைய சந்தேகம் ஏறிக்கொண்டே போகும். அதைக் காட்டத் திரையில் ஓர் அளவுகோல் உண்டு. அது நிரம்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும், ஆட்டம் முடிந்தது! இது போதாதென்று, ஒரு சமையற்காரர் வேறு அவரைப் பிடித்துக் கறியாக்கிவிடத் துடித்துக்கொண்டு, கத்தியும் கையுமாகத் துரத்துகிறார்.

மாணவர்கள் செய்த வேடிக்கை

இந்தக் கற்பனையைப் பெற்றெடுத்தவர்கள் சிக்காகோ நகரத்து டீபால் சர்வகலாசாலை மாணவர்கள். பதினெட்டுப் பேர் சேர்ந்து 2010ஆம் ஆண்டில் முதல் 'ஆக்டோடாட்' விளையாட்டைச் செய்து இலவசமாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு சுயேச்சை வீடியோ கேம் விழாவில் மாணவர் பிரிவில் அது கௌரவம் பெற்றது. பிறகு அவர்களில் சிலர் 'யங் ஹார்ஸஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். 2011இல் இன்டர்நெட் வழியாகப் பொதுமக்களிடம் 20,000 டாலர் கேட்டார்கள். 24,320 டாலர் வசூலாயிற்று. 2013 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சோனி கம்பெனி தன் சொந்த மேடையிலேயே இந்த விளையாட்டைக் காட்டியது. எட்டுக் கால் அப்பாவுக்கு யோகம்தான்!

கைதட்டலும் கடுகடுப்பும்

விளையாட்டு வெளிவந்தது, விமர்சகர்கள் பேனாவைத் திறந்தார்கள். ஹாஸ்யத்தைப் புகழாதவர் அபூர்வம். முகப்புப் பாட்டைப் பலர் ரசித்தார்கள். பேசத் தெரியாத அப்பா 'குளுகுளு' என்று குமிழி விடுவதும், அதற்கு என்ன அர்த்தம் என்று அடியில் எழுத்தில் வருவதும் பலருக்குப் பிடித்திருந்தன. சர்ச்சில் நடக்கும் கல்யாணக் காட்சியில் மோதிரத்தை எடுத்து மணப்பெண் விரலில் மாட்டுவதற்குள் பெஞ்சுகளெல்லாம் கவிழ்வது பிரமாதமான தமாஷ்.

கூடவே குறைகளும் அடுக்கப்பட்டன. இரண்டு மூன்று மணி நேரத்தில் விளையாட்டு முடிந்துவிடுகிறதே என்றார்கள் பலர். காட்சியைக் காட்டும் காமிரா சில இடங்களில் காலை வாருகிறது என்றார்கள். எல்லாவற்றையும்விட அதிகமான கண்டனம் பிற்பகுதியைப் பற்றியது. குடும்பத்தோடு மீன் காட்சிசாலைக்குப் போகிறார் அப்பா. அங்கே கடல்வாழ் உயிரினங்களைப் படித்த நிபுணர்கள் உலாவுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் பதுங்கிப் பதுங்கிப் போகவேண்டும். இங்கேதான் சிரிப்புப் போய் எரிச்சல் வந்துவிட்டது என்றார்கள். எல்லா மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி போடும் 'மெட்டாகிரிட்டிக்' கணக்கில் விளையாட்டுக்குக் கிடைத்தது நூற்றுக்கு எழுபதை ஒட்டிய மார்க்கு. பாஸ்தான், ஆனால் வகுப்பில் முதல் அல்ல.

அதே தடுமாற்றம், அன்றும் இன்றும்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1998இல் 'ட்ரெஸ்பாஸர்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. ஜுராஸிக் பார்க் கதையைச் சேர்ந்தது. அதிலும் கதாநாயகியின் கையை மௌஸால் நகர்த்த வேண்டும். அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆடியது. விமர்சகர்கள் அந்த விளையாட்டைக் கிழித்து எறிந்துவிட்டார்கள். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே வகைத் தடுமாற்றத்துக்குக் கைதட்டல்!

காரணம் என்ன? டைனோசருக்குத் தப்பி ஓடும் ஒரு பெண்ணுக்குக் கை இழுத்துக்கொண்டால் அது விளையாட்டைச் செய்தவர்களின் குற்றம். கோட்டுப் போட்ட ஆக்டோபஸுக்குக் கை இழுத்துக்கொண்டால் அது அவருடைய சுபாவம். தடுமாற்றத்துக்குக் கதையில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் குறையே குணமாகிவிடுகிறது.

இந்த ஜாதி விளையாட்டுகள் வேறு சிலவும் உண்டு. 2008இல் பென்னட் ஃபாடி என்பவர் செய்த 'க்யூவாப்' விளையாட்டில், ஓட்டப் பந்தய வீரனின் தொடைகளையும் கெண்டைக்கால்களையும் நான்கு எழுத்துப் பொத்தான்களால் தனித்தனியே அசைக்கவேண்டும். நூறு மீட்டர் ஓடுவதற்குள் அவன் நூறு தடவை விழுவான். 2013இல் லண்டன் பாஸா ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'சர்ஜன் சிமுலேட்டர்' விளையாட்டில், டாக்டரின் ஐந்து விரல்களையும் தனித்தனியே மடக்கி இருதய ஆபரேஷன் செய்யவேண்டும். நோயாளியின் கதியைச் சொல்லவேண்டியதில்லை!

சிரிப்பு எங்கே முறிகிறது?

அப்படியானால் மீன் காட்சிசாலையில் மட்டும் ஏன் எரிச்சல்? 1936இல் வெளிவந்த சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளிக்குச் சோறூட்டும் இயந்திரம் கெட்டுப்போய், சாப்ளினின் முகத்தில் அடி அடியென்று அடிக்கிறது. நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ஏன்? அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கவில்லை! வீடியோ கேமில் நாம் பார்ப்பவர் மட்டுமல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் நாம்தான்.

வீட்டில் பால் கொட்டினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. திரும்பவும் ஊற்றலாம், சிரிக்கவும் சிரிக்கலாம். மீன் காட்சிசாலையில் ஓர் அடி தவறினால் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கவேண்டும். மூன்றாவது தடவை நம்மைப் பார்த்தே நாம் பல்லைக் கடிக்கிறோம். தடுமாறச் சொல்லிவிட்டுத் தடுமாறியதற்குத் தண்டனையும் கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? விமர்சகர்களின் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது.

மார்க்கில் வராத விஷயம்

ஆனாலும் எழுபது மார்க்கில் அடங்காத ஒன்றும் இந்த விளையாட்டில் உண்டு. இந்த அப்பா எதற்காக இவ்வளவு பாடுபடுகிறார்? பணத்துக்காகவா, பட்டத்துக்காகவா? அன்பு வைத்தவர்கள் நம்மை உள்ளபடி பார்த்தால் விலகிப் போய்விடுவார்களோ என்ற பயம்! உங்களில் எத்தனை பேர் அந்தப் பயத்தை அறியாதவர்கள்? புக்ககம் வந்த புதிதில், தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்ட நாட்கள் இல்லையா? கடன் கவலையை மனைவியிடம் மறைத்துக்கொண்டு சிரித்த முகத்துடன் வீட்டுக்குள் நுழையும் கணவர்கள் இல்லையா? உடம்பில் உள்ள வலியைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் அடுப்பங்கரையில் நிற்கும் தாய்மார்கள் இல்லையா?

வேஷம் போட்டுக்கொண்டு வாழ்கிறவருக்கு ஓர் அடி எடுத்துவைப்பதும் யோசனைதான். ஒரு கோப்பையைத் தூக்குவதும் கண்டம்தான். மற்றவர்களுக்குத் தானாக வருவதெல்லாம் அவருக்கு முயன்றால்தான் வரும். அதை எழுத்தில் படித்தால் புரியும். படத்தில் பார்த்தால் பரிதாபம் வரும். இந்த விளையாட்டிலோ நம் கையே அதை அனுபவிக்கிறது. நடை எளிதாக அமைந்திருந்தால் வெறும் கேலிச் சித்திரமாகப் போயிருக்கும். கோணல் நடைதான் அந்த அப்பாவின் மனத்தை நமக்குக் காட்டுகிறது. கடைசியில் குட்டு வெளிப்படுகிறதா, ஸ்கார்லெட் என்ன சொல்கிறாள் என்பதை இங்கே சொல்லி ரசத்தைக் கெடுக்கப்போவதில்லை.

வீட்டில் குழந்தைகள் இந்த விளையாட்டைக் கேட்டால் தாராளமாக அனுமதிக்கலாம். நாலு பேர் சேர்ந்து ஆடும் முறையும் இதில் உண்டு. ஒருவருக்கு ஒரு கால், இன்னொருவருக்கு ஒரு கை என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். 'சீக்கிரம் முடிந்துவிடுகிறது' என்று விமர்சகர்கள் குறை சொன்னார்களே, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அது வரப்பிரசாதம் அல்லவா?

ஒன்றே ஒன்று. அடுத்த தடவை மார்க்கைப் பார்த்து ஒரு விளையாட்டையோ, ஒரு மனிதரையோ எடைபோடுமுன், அவர் எத்தனை காலை மறைத்துக்கொண்டு நடக்கிறார் என்பதையும் சற்று யோசித்துப் பாருங்கள்!