பால் திரிந்தால்தான் பக்குவம்

தேங்காய்ப்பால் ஊற்றினால் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். சுமத்ரா தீவின் மேற்குப் பகுதியில் வாழும் மினாங்கபாவ் மக்கள் இதற்கு நேர் எதிராகச் சமைக்கிறார்கள். பாலை வேண்டுமென்றே திரியவிட்டு, அது கக்கும் எண்ணெயிலேயே கறியை வறுத்து எடுக்கிறார்கள். அந்தக் கறிக்கு ரெண்டாங் என்று பெயர். செஞ்சியில் என் அத்தை வீட்டுத் தோட்டத்தில், விறகடுப்பில் இரும்புச் சட்டி வைத்து அதைச் செய்து பார்த்தோம். துணைக்குக் கேழ்வரகுக் கூழ்.

ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு மூன்று முற்றின தேங்காயின் பால். அவர்கள் ஊரில் மாட்டுக்கறியோ எருமைக்கறியோதான் வழக்கம். மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள் எல்லாம் நம் அம்மியில் அரைபடுபவைதான். எலுமிச்சைப்புல்லும் மஞ்சள் இலையும் தோட்டத்திலேயே இருந்தன. பேரரத்தையை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, ஊறவைத்து இடித்தோம். நமக்கு இருமல் மருந்து. அவர்களுக்கு அன்றாட மசாலா.

பால் கொதித்ததும் அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "திரியுது பாருடா, தீயைக் குறை" என்றார். திரியட்டும் என்றேன். தேங்காய்ப்பால் என்பது நீரில் சிதறிக்கிடக்கும் எண்ணற்ற எண்ணெய்த் துளிகள். ஒவ்வொரு துளியையும் மெல்லிய புரதப் படலம் போர்த்தியிருப்பதால் அவை ஒன்றோடொன்று சேருவதில்லை. வெப்பம் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் புரதம் உருக்குலைந்து திரள்கிறது. படலம் போன துளிகள் ஒன்றுகூடி எண்ணெயாக மேலே வருகின்றன. கேரளத்தில் கைக்குழந்தைக்குத் தேய்க்க உருக்கெண்ணெய் காய்ச்சுவதும் இதே முறையில்தான். நாம் குழம்பில் குற்றம் என்று நினைப்பது மினாங்கபாவ் சமையலில் பக்குவம்.

ஆனால் எண்ணெய் பிரிந்தவுடன் கறி வறுபட்டுவிடாது. சட்டியில் நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் அந்த வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். அதே நீர் முழுதும் ஆவியாக இன்னும் 540 கிலோ கலோரி வேண்டும். ரெண்டாங்குக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆவது இதனால்தான். அந்த நேரம் வீணல்ல. தசைநார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் நீரும் நிதானமான சூடும் சேர்ந்தால்தான் ஜெலட்டினாக இளகும். ஆட்டுக்கால் சூப்பு குடித்தபின் உதடு ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்பு ஜெலட்டின் தந்தது. முற்றின கறி பூப்போல ஆவதும் அப்படித்தான்.

கிளறிக்கொண்டே நிமிர்ந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. கோட்டைக்குள் மலையடிவாரத்தில் நிற்கும் களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் கனத்த சுவர்கள் மறக்காது. கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியின் மேலே எண்ணெய்க் கிணறு என்று காட்டப்படும் தொட்டிகளும் உண்டு. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, ஜுல்பிகர் கான் தலைமையில் வந்த முகலாயப் படைக்கு இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை ஆனது. எட்டு ஆண்டு தாங்கிய கோட்டையில் பீரங்கிக்கு இருந்த மதிப்பு தானியத்துக்கும் இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். சேமிப்பின் இரகசியம் ஈரம் அண்டாமல் பார்ப்பது. நன்றாகக் காய்ந்த கேழ்வரகைப் பூச்சி எளிதில் தொடாது.

செஞ்சிக்கும் சுமத்ரா உள்ளிட்ட இந்தோனேசியத் தீவுகளுக்கும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. கடலூர் அருகே தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்ட டச்சுக்காரர்கள் 1608-இல் அனுமதி வாங்கியது செஞ்சி நாயக்கரிடம். அவர்களுக்கு வேண்டியது நம் கரையின் துணி. மொலுக்கஸ் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் அந்தத் துணிதான் விலை. நம் கப்பல் அந்தத் தீவுகளின் மொழியில் 'கபால்', நம் கடை 'கெடாய்' என்று இன்றும் புழங்குகின்றன.

மூன்றாவது மணி நேரத்தில் சட்டியின் சத்தம் மாறியது. அதுவரை கொழகொழவென்று குமிழி விட்ட குழம்பு சடசடவென்று பொரியத் தொடங்கியது. நீர் தீர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. குழம்பாக இருக்கும் நிலைக்கு குலாய், பாதி வற்றி எண்ணெய் கசியும் நிலைக்குக் கலியோ, முழுக்க வறண்டால் ரெண்டாங் என்று அவர்கள் ஒரே சட்டிக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். இனி வெப்பநிலை 140 டிகிரிக்கு மேலும் ஏறலாம். புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் பிறக்கும் மெய்லார்ட் வினை இங்கேதான் வேகம் பிடிக்கிறது. தேங்காய்ப்பாலின் இனிப்பும் கைகொடுக்கிறது. இந்தக் கடைசி அரைமணியில் கரண்டியைக் கீழே வைத்தால் அடிப்பிடித்துவிடும். தீயைத் தணித்து, அத்தையும் நானும் மாறி மாறிக் கிளறினோம். கறி காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து, மசாலா ஒவ்வொரு துண்டிலும் அப்பிக்கொண்டது.

கூழின் கதை தலைகீழ். ரெண்டாங் நீரை விரட்டுகிறது. கூழ் நீரைக் குடிக்கிறது. அத்தை இரண்டு நாள் முன்பே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருந்தார். கொதிநீரில் காய்ந்த மாவைக் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து உறையாகி, உள்ளே மாவு வேகாமல் கட்டியாகிவிடும். கரைத்த மாவில் ஒவ்வொரு துகளும் நனைந்திருக்கும். முந்தின இரவு நொய்யை வேகவிட்டு, அதில் இந்தப் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டினார். மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, சில வெடித்து, எல்லாம் வழவழவென்று ஆயின. ஈரக்கையால் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை, இறக்கினார். மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் பிசைந்து கரைத்தபோது பாலாடை போல நுரைத்தது.

புளிப்பைத் தருபவை லாக்டிக் அமில நுண்ணுயிரிகள். அவை தரும் அமிலம் கெடுக்கும் கிருமிகளைத் தடுக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; அதையும் இரும்பையும் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிக்கும்போது குறைகிறது. கிண்ணத்தில் அந்தப் புளிப்பு, ரெண்டாங்கின் எண்ணெய்ப் பசையை நாக்கிலிருந்து கழுவி, அடுத்த துண்டுக்கு வாயைத் தயாராக்கியது. ரெண்டாங்குக்குச் சோறுதான் துணை என்று இருந்த என் எண்ணம் அன்று மாறியது.

மினாங்கபாவ் இளைஞர்கள் ஊரைவிட்டுப் பிழைக்கப் போவதை 'மெரந்தாவ்' என்பார்கள். அந்தப் பயணத்துக்கு ரெண்டாங்தான் கட்டுச்சோறு. நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கும் நீரை 'நீர்ச் செயல்பாடு' என்று அளக்கிறார்கள். தூய நீருக்கு அது 1, பச்சைக்கறிக்கு ஏறக்குறைய 0.99. 0.91-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை, 0.86 வரை தாக்குப்பிடிக்கும் பிடிவாதக்காரர்களும் உண்டு. ஆகவே கலியோ பதத்தில் இறக்கியதை வெளியே வைப்பது ஆபத்து. நன்றாக வறண்டதுதான் தாங்கும்.

ஆறினதும் அத்தை பாதியை எவர்சில்வர் டப்பாவில் அமுக்கினார், சென்னையில் வேலைபார்க்கும் மகனுக்கு. நீர்ச் செயல்பாட்டை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் டப்பாவின் உள்ளோரத்தைத் துணியால் மறுபடி துடைத்து, மூடியைப் போட்டுவிட்டுப் போனில் மகனிடம் சொன்னார்: "ஊறுகா மாதிரிதான்டா. ஈரக் கரண்டி மட்டும் போட்டுடாத."