தவறைச் சொன்னால் தண்டனை இல்லை... விமான விபத்துகளைத் தடுக்கும் ரகசியக் கடிதங்கள்!

முருகப்பெருமானின் சினம் தணிந்த தலம் என்பதால்தான் திருத்தணிக்கு அந்தப் பெயர். 365 படிகள் ஏறி மலைமேல் வந்ததும், வானத்தில் போகும் விமானத்துக்குக் கையசைக்காத குழந்தைகள் குறைவு. பக்கத்தில் அரக்கோணத்திலேயே கடற்படையின் ஐ.என்.எஸ் ராஜாளி விமானதளம் இருப்பதால், இந்தப் பகுதிக்கு விமானச் சத்தம் புதிதல்ல.

நாம் ஏறிச் செல்லும் பயணிகள் விமானங்கள் பத்திரமாகப் பறப்பதிலும் 'சினம் தணிவதற்கு' ஒரு பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா?

92 உயிர்களைப் பறித்த மலை

1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே தரையிறங்க வந்த டி.டபிள்யூ.ஏ நிறுவன விமானம், விர்ஜீனியா மாநிலத்தில் ஒரு மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 92 பேரும் பலி. எவ்வளவு உயரம் வரை இறங்கலாம் என்பதை விமானிகள் ஒருவிதமாகவும், கட்டுப்பாட்டு அறை வேறுவிதமாகவும் புரிந்துகொண்டதே காரணம்.

விசாரணையில் ஓர் அதிர்ச்சி. ஆறு வாரங்களுக்கு முன்பு, அதே இடத்தில், அதே குழப்பத்தால் வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால், அந்த எச்சரிக்கை மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

நாசாவுக்கு ஏன் கடிதம்?

1976-ல் அமெரிக்கா ஒரு வழி கண்டது. செய்த தவறை, நூலிழையில் தப்பிய ஆபத்தை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத்துறைக்கு அல்ல. அந்த அதிகாரம் இல்லாத நாசாவுக்கு. படிவத்தில் பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்து, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் நடந்த விதிமீறலை 10 நாட்களுக்குள் எழுதி அனுப்பியிருந்தால், தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் இந்தச் சலுகை கிடையாது. இப்படி வந்த லட்சக்கணக்கான கடிதங்கள்தான் விபத்துக்கு முன்பே ஆபத்தைக் காட்டிக்கொடுத்தன.

1982-ல் பிரிட்டனும் 'சிர்ப்' என்ற அமைப்பைத் தொடங்கியது. அதுவும் விமானத்துறை அதிகாரிகளின் கைக்குள் இல்லாத தனி அமைப்புதான்.

நம் ஊரில்?

இந்தியாவிலும் இப்படித் தாமாக முன்வந்து தெரிவிக்கும் முறை உண்டு. விமானி, பொறியாளர், விமானப் பணிப்பெண், தரைத்தளப் பணியாளர் என யாரும் டிஜிசிஏ-வுக்குத் தெரிவிக்கலாம். பெயர் ரகசியமாக வைக்கப்படும். ஆனால், விமானிக்கு உரிமம் தருவதும், தவறு செய்தால் அதை நிறுத்திவைப்பதும் அதே டிஜிசிஏதான். பிரம்பு வைத்திருப்பவரிடமே போய் 'நான்தான் செய்தேன்' என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான் நம் நாட்டின் முன் இருக்கும் சவால்.

டம்ளரை உடைத்த குழந்தையை அடித்தால், அடுத்த முறை கண்ணாடித் துண்டு சோஃபாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். காலில் குத்தும்போதுதான் நமக்குத் தெரியவரும். விமானத்தில் அப்படித் தெரியவந்தால், அது காலோடு போகாது.