மயிரிழையில் வருது இன்டர்நெட்!

ஜூன் பிறந்துவிட்டால் வானிலை அறிக்கையில் தேவாலா அடிபடாத நாள் அபூர்வம். 'நீலகிரி மாவட்டம் தேவாலாவில் இத்தனை சென்டிமீட்டர்' என்று சென்னையில் உட்கார்ந்து யாரோ வாசிப்பார்கள். நாமும் 'அட!' என்றுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்த சென்டிமீட்டர்கள் எல்லாம் யார் தலையில் விழுகின்றன என்று இப்போது எனக்குத் தெரியும். ஃபைபர் பையன்கள் தலையில்!

கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் சாலையில் இருக்கிறது தேவாலா பஜார். பேக்கரி வாசனை அடிக்கும் ஒரு கட்டடத்தின் மாடிக்கு, ஓராள் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு. செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். "சாமிக்காகவா?" என்று கேட்டேன். "மிஷினுக்காக. சேறு ஆகாது" என்றார் ஓனர் அண்ணன். ஆனால் சாமிகளும் உண்டு. இரும்பு ரேக்கின் தலைமாட்டில் முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா படம் போட்ட காலண்டர் என்று மூவரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். "எந்தச் சாமி எந்தப் போர்ட்டைப் பாக்குதுன்னு தெரியாது, ஒருத்தரையும் எடுக்க மாட்டோம்" என்கிறார்.

இதுதான் உள்ளூர் ஃபைபர் இன்டர்நெட்டின் கன்ட்ரோல் ரூம். பெயரைக் கேட்டு நான் எதிர்பார்த்து வந்தது விண்வெளி நிலையம். கண்ணில் பட்டது ஒரு உறுமும் பெட்டி, மஞ்சள் ஒயர்க் குவியல், நான்கு பேட்டரி, காயப்போட்ட ரெயின்கோட்டுகள், பாதி தின்ற பருப்பு வடை. மூலையில் செத்த மோடம்களின் சாக்குமூட்டை ஒன்று. அதன்மேல் மார்க்கர் பேனாவில் ஒரே சொல்: 'இடி'. சித்திரை, வைகாசி இடிமழையில் கருகியவை அவை. ஏன் தூக்கிப் போடவில்லை என்றால், "அடாப்டர் நல்லா இருக்கும்ல?" என்று பதில் வருகிறது.

சுவரைப் பாருங்கள், சிரிக்காமல் இருக்க முடியாது. வாடிக்கையாளர் பட்டியலில் கதவு எண் ஒன்றுகூட இல்லை. 'பலாமரத்து வீடு', 'ரெண்டு நாய்', 'பழைய ரேஷன் கடை மேல்பக்கம்', 'கோபக்கார டீச்சர்'. எல்லாவற்றுக்கும் பொறுப்பு போன் எடுக்கும் அக்கா. ஒரு போனில் தமிழ், அடுத்ததில் மலையாளம், நடுவில் கொஞ்சம் கன்னடம். மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் மூலை இது, வேறு எப்படி இருக்கும்? "சேட்டா, எந்து கலர் லைட்டாணு? சிவப்போ? அனக்கண்டா, ஆள் வருந்நுண்டு." போனை வைத்துவிட்டு நம்மைப் பார்த்து, "சிவப்புன்னா ஒயர் அறுந்திருக்கு. லைட்டே இல்லன்னா கரன்ட் இல்ல. பச்சையா எரியுது, ஆனா நெட் வரலன்னா பில் கட்டல" என்கிறார். என்ன ஒரு நாடி பார்க்கும் திறமை!

இங்கே எல்லோருமே கேபிள் டிவியில் ஆரம்பித்தவர்கள். தமிழ்நாடு முழுக்க இதுதான் கதை. சேனல் ஒயர் இழுத்துப் பழகிய கைகளே பிறகு ஃபைபர் இழுத்தன. பி.எஸ்.என்.எல். வீட்டு ஃபைபரைக்கூட நிறைய இடங்களில் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது இப்படிப்பட்ட உள்ளூர்க் கூட்டாளிகள்தான். பெரிய கம்பெனிகளும் அரசும் பஜார் வரைக்கும் வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிடும். பஜாரிலிருந்து பலாமரத்து வீட்டுக்கு அதை யார் கொண்டு போவது என்பதுதான் விஷயமே.

சரி, கிளம்புவோம். அக்காவின் சீட்டில் முதல் பெயர் எஸ்டேட் பக்கம் ஒரு 'ஃபைபர் கட்'. ஜீப்பின் பின்சீட்டில் ஏணி, கேபிள் சுருள், தார்ப்பாய், சுருங்கி உட்கார்ந்த நான். லைன் வேலை பார்க்கும் மலையாளி சேட்டன் ஓட்டுகிறார். குட்டித் தம்பி (ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தவன்) என் கையில் ஒரு துணிப் பொட்டலத்தைத் திணித்தான். உள்ளே உப்பு. "அட்டைக்குங்க. கால்ல ஏறினா இதை வையுங்க. இழுக்காதீங்க." நான் உடனே பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டேன். இருவரும் பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

போகிற வழியில் சேட்டன் ஒரு புதர்ச்சரிவைக் காட்டி, "அங்க தங்கம் தோண்டின குழி இருக்கு" என்றார். விளையாட்டில்லை. 1880 வாக்கில் இந்தத் தேவாலாவைச் சுற்றி லண்டன் முதலாளிகள் கம்பெனிக்கு மேல் கம்பெனியாகத் தொடங்கி, தங்கம் கிடைக்கும் என்று லட்சக்கணக்கான பவுண்டுகளைக் கொட்டினார்கள். சில வருடங்களில் எல்லாம் மூடப்பட்டுத் தேயிலையும் காபியும் மிஞ்சின. சுரங்கங்கள் இன்னும் இருக்கின்றன. "அப்ப மண்ணுக்குள்ள தேடினான், இப்ப நாங்க போஸ்ட் மேல தேடுறோம்" என்றான் தம்பி.

அறுந்த இடம் கிடைத்துவிட்டது. சில்வர் ஓக் கிளையொன்று காற்றில் முறிந்து கேபிளை இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. மழை சாய்வாக அடிக்கிறது. இனி நடந்ததைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டுமென்று துடிக்கிறேன்.

ஜீப்பின் பின்கதவைத் திறந்து தார்ப்பாயைக் கூரையாகக் கட்டினார்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் டிபன்பாக்ஸ் அளவில் ஒரு கருவி. லட்சத்தைத் தாண்டும் விலை, அதனால் சேட்டனின் சொந்தக் குடை அதற்கு. சேட்டன் நனைகிறார். கேபிளின் கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே வண்ண வண்ண இழைகள். தம்பி வாய்ப்பாடு மாதிரி முணுமுணுக்கிறான்: "நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன்..." வண்ணப் பூச்சையும் வழித்தெடுத்தால் மிஞ்சுவது தலைமயிர் தடிமனில் ஒரு கண்ணாடி நூல். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கிறான், கீச்சென்று சத்தம் வருகிறது. "கீச்சுன்னா சுத்தம்" என்கிறான். ஒரு சின்னக் கத்திப்பெட்டியில் வைத்து டக்கென்று நுனி வெட்டுகிறான். தெறித்த துண்டை உடனே ஒரு பழைய மாத்திரை டப்பாவுக்குள் போட்டு மூடுகிறான். கண்ணாடியாயிற்றே, விரலில் ஏறினால் தேடி எடுப்பது கஷ்டம்.

இப்போது மூச்சு விடக் கூடாது. நிஜமாகவே. தம்பியின் தலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு நுனிகளும் கருவிக்குள் எதிரெதிரே. திரையில் அவை இரண்டு தூண்களாகப் பெரிதாகத் தெரிகின்றன, தாமே நகர்ந்து நேருக்கு நேர் வருகின்றன. ஒரு நொடிப் பொறி. தூண்கள் ஒன்றாகிவிட்டன! நான் கைதட்டிவிட்டேன். தம்பிக்கு வெட்கம். "இன்னும் அஞ்சு கோர் இருக்குங்க" என்றான்.

அந்த ஐந்திலும் ஒன்று பிடிவாதம் பிடித்தது. மூன்றாம் முறை வெட்டும்போது சேட்டன் மலையாளத்தில் ஏதோ சொன்னார், அது அச்சுக்கு ஆகாது. தம்பியின் கணுக்காலில் ரத்தம் ஓடுகிறது, அட்டை வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எல்லா இழையும் ஒட்டியதும் ஒளி அளக்கும் சின்னக் கருவியைச் செருகினார்கள். "மைனஸ் இருபத்தொண்ணு!" அது நல்ல எண்ணாம். சேட்டனின் முகத்தில் பரீட்சை பாஸான களை. பஜாரிலிருந்து அக்காவின் போன்: "எல்லாம் பச்சை. டீச்சர் கூப்பிட்டு தேங்க்ஸ் சொன்னாங்க." கோபக்கார டீச்சரா? ஜீப்பே அதிர்ந்தது.

டீக்கடையில் ஒதுங்கினோம். பேச்சு எதிரிகளைப் பற்றித் திரும்பியது. குரங்கு ஒயரில் ஊஞ்சலாடும். அணில் கடிக்கும். தேயிலை மூட்டை லாரி தாழ்ந்த கேபிளை மாட்டி இழுத்துக்கொண்டு போகும். செம்பு என்று நினைத்து வெட்டுகிறவர்களும் உண்டு. உள்ளே கண்ணாடிதான் என்று தெரிந்ததும் அங்கேயே போட்டுவிட்டுப் போவார்களாம். "அதை எடுத்துட்டாவது போயிருக்கலாம்" என்று சேட்டனுக்கு வருத்தம்.

பெரிய எதிரி யானை. அதைப் பற்றி மட்டும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். வனத்துறை 'பி.எம். 2' என்று எண் கொடுத்த மக்னாவை (தந்தமில்லாத ஆண் யானை) ஊர் 'அரிசி ராஜா' என்றுதான் அழைத்தது. வீட்டுச் சுவரை இடித்து அரிசி தின்று, இதே தேவாலாப் பக்கம் ஒரு பெண்ணின் உயிரையும் எடுத்த யானை. 2022 டிசம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே நடந்து வயநாட்டு சுல்தான் பத்தேரி டவுனுக்குள் போய் நின்றது. ஆகவே 'அந்தப் பக்கம் ஆனை நிக்குது' என்ற வாட்ஸ்அப் செய்தி இங்கே உயிர்ச் செய்தி. வால்பாறையில் எஸ்.எம்.எஸ். வழியாக யானை எச்சரிக்கை கொடுத்தே உயிர்ச்சேதத்தைக் குறைத்தார்கள். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரும் புகாருக்கு, முதலில் குரூப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஏணியைத் தொடுகிறார்கள்.

டீக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு கேள்வி போட்டார்: "பாரத்நெட்டுன்னு சொன்னாங்களே, நமக்கு வராதா?" நியாயமான கேள்வி. கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்க 2011-இல் வேறு பெயரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. தமிழ்நாட்டில் அதை நடத்தும் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஒரு ஜிகாபிட் வேகத்தில் இணைப்பு கொடுப்பதற்கென்று ஒதுக்கப்பட்டது 1,815 கோடி ரூபாய். பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் மேலேயே போகிறது. பக்கத்துச் சேரங்கோடும் நெலாக்கோட்டையும் ஊராட்சிகள், அந்தக் கணக்கில் உண்டு. தேவாலாவோ நெல்லியாளம் நகராட்சிக்குள் இருக்கிறது. அட்டை ஏறும், ஆனை வரும், வீட்டுக்கு வீடு ஒரு மேடு இறங்கி ஏற வேண்டும். ஆனால் காகிதத்தில் நகரம்! இந்த வரைபட விளையாட்டை நான் ரசிக்கவில்லை. கடைக்காரர், "அப்ப வரியும் நகரத்து வரிதான்" என்று டீயை ஆற்றினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு, சிரிக்க முடியாத வேடிக்கை. கூடலூர், பந்தலூரில் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உரிமை முடிவாகாமல் சிக்கிய நிலங்களில் பல வீடுகளுக்கு நெடுங்காலம் மின்சாரமே கிடைக்கவில்லை. வாசல் வரை ஒளி வந்துவிடும், மோடத்தை எதில் செருகுவது? சோலார் தகடும் பழைய லாரி பேட்டரியும் வைத்து நெட் ஓட்டும் வீடுகளைத் தம்பி பார்த்திருக்கிறான்.

"சாட்டிலைட் நெட் வந்துட்டா உங்க கதி?" என்று சீண்டினேன். 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கிடைத்துவிட்டதே. சேட்டன் வெளியே கொட்டும் மழையையும் கவிந்த மேகத்தையும் பார்த்துவிட்டு, "வரட்டும். ஜூலையில வரட்டும்" என்றார்.

கடைசி வேலை புது இணைப்பு, தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒன்றில். இந்தப் பகுதியின் டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்கள் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகவே அரசு உருவாக்கியவை. 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியக் கணக்கில் எழுதியது; அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறைமேல் ஏறி உட்கார்ந்ததும் இப்படிப்பட்ட லயங்களிலிருந்துதான். இந்த லயத்தில் இப்போது முதல் ஃபைபர் இந்த வீட்டுக்கு.

தம்பி வாசல் நிலையில் ஆணி அடிக்கிறான், வீட்டுப் பாட்டி அவன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "பாதத்தை நல்லாத் தொடச்சிட்டு வாடா தம்பி, இப்பத்தான் மொழுகினேன்." மோடத்தை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம். டிவி மேல் என்றான் பேரன், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் என்றார் மருமகள், "எலி வராத எடம் சொல்லுங்க" என்றார் சேட்டன். அரிசி டின் மேல் என்று முடிவானது. பச்சை விளக்கு எரிந்ததும் முதல் வீடியோ கால் இலங்கையின் ஹட்டனுக்கு. திரையில் பாட்டியின் சின்னம்மா மகள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே கேள்வி: "அங்கிட்டு மழையா?" அங்கேயும் மழைதான்.

பாஸ்வேர்டு கேட்டான் தம்பி. பாட்டி அவனை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் காதில் ரகசியமாகச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரி கேட்டால்கூடச் சொல்லக்கூடாது என்று பேரனிடம் சத்தியம் வாங்கினார். நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு இறங்கினோம். தம்பி தன் போனில் அந்த இணைப்பை ஒருமுறை சரிபார்த்தான், பிறகு லயத்தின் திண்ணைப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"பேரன் வித்துட்டான்ணே. அதுக்குள்ள ஒன்பது போன் ஏறியிருக்கு."