கட்டு சுண்டினால் கை கனக்கும்

டொமினியன் போன்ற டெக் பில்டிங் சீட்டாட்டங்களில் புதிதாக இறங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சீட்டை வாங்கினால் ஜெயிக்கலாம் என்பது. இதற்கு யூடியூப்பில் பதில்களுக்குக் குறைவில்லை. தோற்கவே முடியாத ஜோடி, முதல் சுற்றிலேயே வாங்க வேண்டிய மூன்று சீட்டு என்று பட்டியல் பட்டியலாகப் போடுகிறார்கள். அவற்றை நம்பத் தேவையில்லை. டொமினியனின் முதல் பதிப்பில், எப்போதும் இருக்கும் நாணய, புள்ளிச் சீட்டுகள் போக, 25 வகைச் சீட்டுகள் இருந்தன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவற்றில் 10 வகைகளைத்தான் மேசையில் பரப்புவார்கள். 25இல் 10ஐத் தேர்ந்தெடுக்க 32,68,760 வழிகள் இருக்கின்றன. இந்த மேசையில் ராஜாவாக இருந்த சீட்டு அடுத்த மேசையில் கண்ணிலேயே படாது. எந்த மேசையிலும் மாறாமல் கூடவே வருவது பள்ளியில் படித்த சராசரிக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வாங்குவதைவிட வீசுவதைப் பற்றித்தான் ஒருவர் முதலில் யோசிக்க வேண்டும் என்று தெரியும்.

வரலாறு தேவைப்படுகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் மேஜிக் சீட்டாட்டம் வந்தபோது சீட்டுக் கட்டை வீட்டிலேயே சேர்த்து எடுத்துக்கொண்டு ஆடப் போனார்கள். 2008இல் டொனால்ட் எக்ஸ். வக்காரினோ, கட்டைச் சேர்ப்பதையே ஆட்டமாக்கி டொமினியனைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு அதற்கு ஜெர்மனியின் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருது கிடைத்தது. கணினியில் பலரும் ஆடும் ஸ்லே த ஸ்பயர் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான்.

ஆட்டம் தொடங்கும்போது எல்லோர் கையிலும் ஒரே மாதிரி 10 சீட்டுகள். 7 காப்பர்; ஒவ்வொன்றும் ஒரு நாணயம். 3 எஸ்டேட், கடைசியில் தலைக்கு ஒரு புள்ளி, அதுவரை எதற்கும் உதவாதவை. ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து 5 சீட்டை எடுத்து, அதில் இருக்கும் நாணயத்துக்கு ஏதாவது வாங்க வேண்டும். ஆடியது, ஆடாதது, புதிதாக வாங்கியது எல்லாம் கழிவுக் குவியலுக்குப் போகும். கட்டு தீர்ந்ததும் குவியலைக் கலைத்துப் போட்டு மறுபடி எடுப்பார்கள். ஜெயிக்க வேண்டுமானால் 6 புள்ளி தரும் பிராவின்ஸ் சீட்டுகளை வாங்க வேண்டும். அதன் விலை 8. ஐந்து சீட்டில் 8 நாணயம் வர, சீட்டுக்குச் சராசரியாக 1.6 இருக்க வேண்டும். தொடக்கத்தில் இருப்பதோ 0.7. எல்லா உத்தியும் இந்த 0.7க்கும் 1.6க்கும் நடுவில்தான் நடக்கிறது. 2 நாணயம் தரும் சில்வரை மட்டும் வாங்கிக்கொண்டே போனால், 1.6ஐத் தொட 23 சில்வர் வேண்டும். அதற்குள் எதிராளி ஆட்டத்தை முடித்துவிட்டிருப்பார். 3 நாணயம் தரும் கோல்ட் என்றால் 7 போதும். ஆனால் கோல்டின் விலை 6, தொடக்கக் கையில் கிடைப்பதோ சராசரியாக மூன்றரை நாணயம்.

இந்த இடத்தில்தான் சேப்பல் என்ற சீட்டு வந்து நிற்கிறது. விலை 2தான். அதை ஆடினால் கையிலிருந்து 4 சீட்டுகள் வரை ஆட்டத்தை விட்டே நீக்கிவிடலாம். புதியவர்கள் இதைத் தொடுவதில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே தொலைப்பதா என்று தோன்றும். பாலைச் சுண்டக் காய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். சர்க்கரை ஒரு துளி சேர்க்காமலே, தண்ணீர் போகப் போகப் பால் இனிக்கிறது. சராசரி என்பது பகுதியும் தொகுதியும் கொண்ட பின்னம். வாங்குவது மேலே இருக்கும் எண்ணைக் கூட்டுகிறது, ஆனால் கீழே இருப்பதையும் கூட்டிவிடுகிறது. எஸ்டேட்டை நீக்குவது கீழ் எண்ணை மட்டும் குறைக்கிறது. ஒரு சில்வரும் ஒரு சேப்பலும் வாங்கிய பிறகு கட்டில் 12 சீட்டு, 9 நாணயம், சராசரி 0.75. இரண்டு எஸ்டேட்டை நீக்கினால் 10 சீட்டு, அதே 9 நாணயம், 0.9. எதையும் வாங்காமலே கட்டு கெட்டிப்பட்டுவிட்டது.

இதற்கு அடுத்த படிதான் ரசிக்கத்தக்கது. அதே கையில் இருக்கும் இரண்டு காப்பரையும் சேர்த்து நீக்கினால் 8 சீட்டு, 7 நாணயம், சராசரி 0.875 என்று இறங்குகிறது. காப்பரின் மதிப்பு 1, கட்டின் சராசரி அதற்கும் கீழே இருப்பதால், இப்போதைக்குக் காப்பர் பாலின் பக்கம்தான். அப்படியானால் விட்டுவைக்கலாமா? இன்னும் சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும். இரண்டு கட்டிலும் பின்னால் 4 கோல்ட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பரை வைத்திருந்த கட்டில் 14 சீட்டுக்கு 21 நாணயம், சராசரி 1.5. நீக்கிய கட்டில் 12 சீட்டுக்கு 19 நாணயம், 1.58. இன்றைய சராசரியைக் கொண்டு அளந்தால் காப்பர் பால். எட்ட வேண்டிய 1.6ஐக் கொண்டு அளந்தால் அதுவும் தண்ணீர்தான். பால்கோவா கிண்டுகிறவர் பாத்திரத்தில் இருக்கும் பாலின் பதத்தைப் பார்த்து நிறுத்துவதில்லை, வர வேண்டிய பதத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார். அடுப்பை அதிகம் எரியவிட்டால் அடிப்பிடிக்கும் என்பதும் இங்கே அப்படியே பொருந்தும்: எல்லாக் காப்பரையும் அவசரமாக ஒழித்தவர் கையில் அடுத்த சீட்டை வாங்கவே காசு இருக்காது.

மெலிந்த கட்டில் இன்னொரு லாபம் ஒளிந்திருக்கிறது. வாங்கிய சீட்டு உடனே கைக்கு வருவதில்லை. கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கும்வரை காத்திருக்கிறது. 10 சீட்டுக் கட்டு இரண்டு முறையில் சுழன்றுவிடும், 20 சீட்டுக் கட்டுக்கு நான்கு முறை. இன்று வாங்கிய கோல்ட் மெலிந்த கட்டுக்காரருக்கு இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வருகிறது, அது இன்னொரு கோல்டை இழுத்து வருகிறது. கூட்டு வட்டியில் வட்டி சேரும் இடைவெளி பாதியாவதற்குச் சமம் இது.

சேப்பலை ஆடும் முறை வீணாகிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஐந்தில் ஒன்று சேப்பல், மீதி நாலையும் நீக்கினால் அந்த முறை கையில் காசே இல்லை. ஆனால் இந்த இழப்பு ஆட்டத் தொடக்கத்தில் நேர்கிறது. அப்போது ஒரு முறையின் மதிப்பு மூன்று நான்கு நாணயம்தான். அதே இழப்பு பிற்பாதியில் நேர்ந்தால் ஒரு பிராவின்ஸே போய்விடும். அதனால் நீக்குவதை முன்னால் செய்ய வேண்டும், இல்லையேல் செய்யவே கூடாது. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. பிராவின்ஸும் நாணயம் தராத சீட்டுதான். ஜெயிக்க வாங்குவதே கட்டை நீர்த்துப்போகச் செய்கிறது. 10 சீட்டில் 16 நாணயம் வைத்திருப்பவர் இரண்டு பிராவின்ஸ் வாங்கினால் சராசரி 1.33க்கு விழும். 30 சீட்டில் 48 நாணயம் வைத்திருப்பவருக்கு 1.5ஆகத்தான் குறையும். பெரிய கட்டு அடியைத் தாங்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்த 30 சீட்டைச் சேர்க்க எத்தனை முறை ஆட வேண்டும் என்பதை இந்த வாதம் விட்டுவிடுகிறது. மெலிந்த கட்டுக்காரர் முன்னதாகவே பிராவின்ஸில் கை வைக்கிறார், நடுவில் ஒரு கோல்டைச் சேர்த்துக் கட்டைத் தேற்றிக்கொள்ளவும் அவரால் முடியும்.

முதல் பதிப்பின் 25 வகையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 10ஐ எடுத்தால், சேப்பல் வருவதற்கான வாய்ப்பு 40 சதவீதம்தான். வராத மேசையில் இந்தக் கணக்கு வேறு உருவில் உதவும். ஸ்மிதி என்ற சீட்டின் விலை 4. ஆடினால் மேலும் 3 சீட்டு கைக்கு வரும். ஸ்மிதி போக மீதி 4, வந்தது 3, ஆக 7. இப்போது 8 நாணயத்துக்குத் தேவையான சராசரி 1.14ஆக இறங்கிவிடுகிறது. இவ்வளவு நல்லதென்றால் நாலைந்து வாங்கிக் குவிக்கலாமே என்றுதான் புதியவர்கள் போகிறார்கள். ஆனால் கூடுதல் வாய்ப்பு தரும் சீட்டு இல்லாதவரை, சேப்பல், ஸ்மிதி போன்ற செயல் சீட்டுகளில் ஒரு முறைக்கு ஒன்றைத்தான் ஆடலாம் என்பது விதி. இரண்டாவது ஸ்மிதி கையில் செத்துக் கிடக்கும். 12 சீட்டுக் கட்டில் 2 ஸ்மிதி இருந்தால், ஐந்து சீட்டில் இரண்டும் சேர்ந்தே வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம். 4 ஸ்மிதி என்றால் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாக வந்து மோதும் வாய்ப்பு 58 சதவீதத்தை நெருங்குகிறது. சில்வர், கோல்ட், ஓரிரண்டு ஸ்மிதி, 8 நாணயம் சேர்ந்தால் பிராவின்ஸ் என்று அலங்காரமில்லாமல் ஆடுகிறவர், கண்ணைப் பறிக்கும் சீட்டுகளை வகைக்கொன்றாய்ச் சேர்ப்பவரைப் பெரும்பாலும் வீழ்த்துவது இதனால்தான்.

ஸ்லே த ஸ்பயரைச் செய்தவர்களும் இதை அறிந்துதான் விலை போட்டிருக்கிறார்கள். அங்கே கடையில் ஒரு சீட்டை நீக்க 75 தங்கம், ஒவ்வொரு முறை நீக்கும்போதும் 25 கூடும். சண்டை முடிந்து கிடைக்கும் சீட்டை வேண்டாமென்று தாண்டிப் போவதற்கோ செலவே இல்லை. புதியவர்கள் கைக்கு வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, பிறகு கடையில் காசு கொடுத்து நீக்குகிறார்கள்.

கட்டை மெலியவைப்பது தவறாகும் இடமும் டொமினியனிலேயே இருக்கிறது. கார்டன்ஸ் என்ற சீட்டு, ஆட்ட முடிவில் கட்டில் இருக்கும் ஒவ்வொரு 10 சீட்டுக்கும் ஒரு புள்ளி தரும். 40 சீட்டு வைத்திருப்பவருக்கு ஒரு கார்டன்ஸ் 4 புள்ளி; அதன் விலையும் 4தான். அங்கே தண்ணீர்தான் சரக்கு, விலையில்லாத காப்பரைக்கூட வாரிக்கொள்ளலாம். மேசையில் விற்கும் சீட்டுகளில் எந்த மூன்று வகையின் குவியல் தீர்ந்தாலும் ஆட்டம் முடியும் என்பதால், விலை 4 வரையுள்ள சீட்டைக் காசில்லாமல் தரும் ஒர்க்‌ஷாப்பை வைத்துக்கொண்டு கார்டன்ஸ், எஸ்டேட், ஒர்க்‌ஷாப் மூன்றையும் காலிசெய்து, எதிராளி போதுமான பிராவின்ஸைச் சேர்ப்பதற்குள் முடித்துவிடுவார்கள். இருவர் ஆடும்போது கார்டன்ஸ் குவியலில் 8 சீட்டுதான். எதிரில் இருப்பவர் ஒர்க்‌ஷாப்பை இரண்டு மூன்றாக வாங்கத் தொடங்கினால், மெலிந்த கட்டுக்காரர் தன் கணக்கைச் சற்றே கெடுத்துக்கொண்டாவது அந்தக் கார்டன்ஸில் மூன்றை முந்தி வாங்கிவிடுவது நல்லது.